குல்ட்பக்கேவுக்கு ஒரு படத்தை அனுப்பிய கதை

சுவீடனில் ஆவணப்படம் எடுக்கிறவர்களிடம் போய், அந்நாட்டுத் திரைப்பட விருதான குல்ட்பக்கேவின் பெயரைச் சொன்னால், பரிசைப் பற்றிய பேச்சு அப்புறம்தான் வரும். முதலில் "தியேட்டர் கிடைச்சுதா?" என்றுதான் கேட்பார்கள். நான் இந்த வேலையில் இருந்த 2012இல் நிலைமை அதுதான். முந்தைய ஆண்டு சுவீடனில் திரையரங்குக்கு வந்த படங்களுக்குத்தான் அந்த விருது. தொலைக்காட்சியில் எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும் அது வேறு கணக்கு.

அப்போது ஸ்டாக்ஹோமில் ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். படம் எடுக்கிற வேலை இல்லை. படிவம், ஒப்பந்தம், கோப்பு, தபால், பில் எல்லாம் என் மேசைக்கு வரும். எங்கள் கையில் இருந்த படம், வடக்கே நோர்பொட்டன் பகுதியில் ஒரு கிராமத்துப் பள்ளி மூடப்படுகிற கடைசி ஆண்டைப் பற்றியது. 80 நிமிடம். தொலைக்காட்சிக்கென்று பணம் வாங்கி, தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படம். ஒருநாள் இயக்குநர், இதைத் தியேட்டரில் வெளியிட்டு குல்ட்பக்கேவுக்கும் அனுப்பலாமே என்றார். தயாரிப்பாளர் உடனே சரி என்றுவிட்டார். அந்தச் 'சரி'க்குள் என்னென்ன இருந்தது என்பதைத்தான் எழுத வந்தேன்.

விருதைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சுவீடிஷ் திரைப்படக் கழகம் 1963இல் தொடங்கியது, அடுத்த ஆண்டே இந்த விருதையும் தொடங்கியது. முதல் ஆண்டு சிறந்த இயக்குநர் இங்மர் பெர்க்மன். கையில் கொடுக்கிற சிலை ஒரு பொன்வண்டு. கார்ல் ஆக்செல் பேர்சன் என்ற ஓவியர் வடிவமைத்தது, செம்பில் செய்து எனாமலும் தங்கப் பூச்சும் கொடுத்தது, எடை 1.2 கிலோ. ஆவணப்படத்துக்கென்று தனிப் பிரிவு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அதற்கு முன் கதைப்படங்களோடு மோதித்தான் ஜெயிக்க வேண்டும். ஸ்டெஃபான் யார்ல் போதைக்கு ஆட்பட்ட நண்பர்களைப் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம் 1979ஆம் ஆண்டின் சிறந்த படம் என்ற விருதையே வாங்கியது. தனிப் பிரிவு வந்தது நல்லதா என்று இங்கே இன்னும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. நல்லது என்பதுதான் என் கட்சி. யார்ல் போன்றவர் எல்லா வருஷமும் வருவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் சிக்கல் வேகம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு நொடிக்கு 25 ஃபிரேம், சினிமாவுக்கு 24. அரங்குகளுக்கு டிசிபி என்ற டிஜிட்டல் பிரதியை வன்தட்டில் போட்டு அனுப்புவோம். அன்றைக்கு இருந்த சர்வர்களில் 24 எங்கும் ஓடும். 25 சில இடங்களில் ஓடும், சில இடங்களில் சர்வர் அந்தக் கோப்பைத் தொடவே மாட்டேன் என்னும். திரையிடப்போகும் இடங்களோ வடக்கே உள்ள சின்னச் சின்ன மக்கள் மன்ற அரங்குகள். ஒவ்வொன்றாகப் போன் போட்டு "உங்கள் சர்வர் எந்த மாடல்?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. (கேட்கவும் செய்தேன். போனை எடுத்தவர்களில் பலர் வாரத்தில் ஒருநாள் மட்டும் ப்ரொஜெக்டர் ஓட்டுகிற தன்னார்வலர்கள்.) ஆகவே 24.

ஃபிரேம் எதையும் வெட்டாமல் ஒட்டாமல் 25ஐ 24ஆக ஓட்டினால் படம் 4 சதவீதம் மெதுவாகும். 80 நிமிடம் 83 நிமிடத்துக்கு மேல் போய்விடும். காட்சியில் யாருக்கும் தெரியாது, காதில் தெரியும். படத்தின் நடுவில் டிசம்பர் 13, லூசியா நாள். பிள்ளைகள் வெள்ளை அங்கியும் மெழுகுவர்த்தியுமாக வரிசையில் பாடிக்கொண்டு வருவார்கள். மெதுவாக்கியதும் சுருதி ஒரு அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இறங்கி, எட்டு வயதுக் குரல்கள் எல்லாம் சளி பிடித்ததுபோல் ஆகிவிட்டன. சுருதியை மட்டும் மேலே ஏற்ற மென்பொருள் இருக்கிறது. பேச்சுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் பல குரல் சேர்ந்து, பின்னால் பியானோவும் எதிரொலியும் இருக்கிற இடத்தில் ஒரு நடுக்கம் வந்துவிடுகிறது. ஒலிப்பொறியாளர் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஆதிப்பதிவின் தனித்தனி மைக் தடங்களுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி, மறுபடி கலந்தார். மூன்று நிமிடப் பாட்டு.

ஒலியை எப்படியும் புதிதாகக் கலக்கத்தான் வேண்டியிருந்தது. தொலைக்காட்சிக்கு ஸ்டீரியோவில் கலக்கும்போது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கி வைப்பார்கள், வீட்டு ஹாலில் யாரும் ரிமோட்டைத் தேடக் கூடாது என்பதற்காக. அதே கலவையைத் தியேட்டரில் போட்டால் எல்லாமே முன்னால் நின்று கத்தும். 5.1 என்ற பல ஸ்பீக்கர் ஒலிமுறைக்கு மாற்றினோம். பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போனது, காற்றும் பனிவாரி வண்டியின் உறுமலும் பக்கங்களுக்குப் போயின. கலவை அறையில் முதல்முறை கேட்டபோது, தியேட்டர் யோசனையில் அதுவரை எனக்கு இருந்த அவநம்பிக்கை பாதி போய்விட்டது. பள்ளி வராந்தாவில் ஒரு கதவு மூடுகிற சத்தம் பின்னாலிருந்து வந்தது, நானே திரும்பிப் பார்த்தேன்.

நிறத்திலும் இதே கதை. தியேட்டர் திரை தொலைக்காட்சிப் பெட்டியைவிட மிகவும் மங்கல். படத்தில் முக்கால்வாசி பனி. வீட்டில் பளீரென்று இருந்த பனி பெரிய திரையில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. காட்சி காட்சியாகத் திருத்தினார்கள். பழைய தொலைக்காட்சிச் செய்தித் துணுக்குகளுக்கும் தனியாகத் தியேட்டர் உரிமை வாங்க வேண்டியிருந்தது. ஒளிபரப்பு உரிமைக்குக் கொடுத்த பணம் இதற்குச் செல்லாது. இரண்டு துணுக்குகளைத் தூக்கிவிட்டோம், படம் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

நான் எதிர்பார்க்காத இடம் வயது வரம்பு. பெரியவர்களுக்கான தணிக்கையைச் சுவீடன் எடுத்துவிட்டது. 1911இல் தொடங்கிய தணிக்கை அலுவலகம் 2010 முடிவோடு போய், 2011இலிருந்து அரசு ஊடக மன்றம் என்று ஒன்று வந்தது. அப்போது அது பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் படம் குழந்தைகளின் நலனைக் கெடுக்குமா? படத்தை அதற்குக் காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. காட்டாவிட்டால் படம் தானாகவே 15 வயதுக்கு மேல் என்று ஆகிவிடும். கட்டணமும் மிச்சம், நேரமும் மிச்சம். பெரியவர்களுக்கான ஆவணப்படம் எடுக்கிற பலர் அப்படியே விட்டுவிடுவது வழக்கம் என்று விநியோகஸ்தர் சொன்னார். எங்கள் அலுவலகத்திலும் அதுவே முடிவாகியிருக்கும். ஆனால் எங்கள் படத்தில் இருப்பவர்களே குழந்தைகள். அப்படி விட்டால், திரையில் வருகிற பிள்ளைகள் யாரும் தங்கள் படத்தைத் தங்கள் ஊர் அரங்கில் பார்க்க முடியாது! பள்ளித் திரையிடல்களும் போய்விடும்.

அனுப்பினோம். எல்லோரும் பார்க்கலாம் என்று வந்துவிடும் என நம்பிக்கொண்டிருந்தோம். செப்டம்பர் மாதத்து மூஸ் (பெரிய வகை மான்) வேட்டை ஒன்று படத்தில் வரும். அதில் ஒரு தகப்பனும் மகளும் கொட்டகையில் தோல் உரிப்பார்கள். அந்த ஊரில் அது சனிக்கிழமை வேலை. தீர்ப்பு 7 வயது என்று வந்தது. ஏழுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் ஒருவரோடு வரலாம் என்பதால் எங்களுக்குப் பாதகம் இல்லை. இயக்குநருக்கு மட்டும் கோபம். "அவங்க வீட்டுக் கொட்டகையில தினம் பார்க்கிறதுக்கு யார் வயசு வரம்பு போட்டாங்க?" என்றார். எனக்கு அந்த முடிவு நியாயமாகத்தான் பட்டது. ஸ்டாக்ஹோமில் வளர்கிற ஆறு வயதுக் குழந்தைக்கு அது சனிக்கிழமை வேலை இல்லையே. இதை அவரிடம் சொல்லவில்லை.

இங்கே புதுப் படம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும். அன்று காலை பேப்பரில் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் வந்துவிடும். விநியோகஸ்தர் அக்டோபரில் ஒரு வெள்ளியைப் பிடித்துக் கொடுத்தார். ஸ்டாக்ஹோமில் ஒரு சின்ன அரங்கம், மாலையில் ஒரே காட்சி. வடக்கே ஊருக்கு ஊர் ஒற்றைக் காட்சிகள். ஸ்டாக்ஹோமில் கூட்டம் இல்லை, அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வடக்கே சில இடங்களில் கூடுதல் நாற்காலி போட்டார்கள். படம் முடிந்தபின் பள்ளியைப் பற்றி, நகராட்சியைப் பற்றி, பேருந்து நேரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. திரையரங்கு வேண்டும் என்று ஒரு விருது கேட்பதில் அர்த்தம் இருக்கிறது என்று நான் நினைப்பது அந்தக் கூட்டங்களால்தான். செலவு தாங்காத சின்னப் படங்களை அந்த நிபந்தனை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது என்பதும் உண்மை. எங்களுக்கே கலவை, நிறம், டிசிபி, உரிமை எல்லாம் சேர்ந்து, டிக்கெட்டில் வந்ததைப்போல் பல மடங்கு ஆனது.

விருதுக்கு அனுப்புவது இதையெல்லாம் பார்க்கையில் மிக எளிது. விவரங்கள், பெயர்ப் பட்டியல், நடுவர்களுக்கான பிரதி. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

எதிரே நின்றது யார் என்பதுதான் விஷயம். அந்த இலையுதிர் காலத்தில் உலோஃப் பால்மவைப் பற்றிய படம் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்தது. 1986இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதமரைப் பற்றிய படத்துக்குச் சுவீடனில் கூட்டம் வராமல் இருக்குமா? அதோடு மாலிக் பெஞ்செலூல் இயக்கிய 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' என்ற ஆவணப்படம். ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியதிலிருந்து அதைப் பற்றித்தான் பேச்சு. கையில் பணம் தீர்ந்ததும் சில காட்சிகளை ஐபோனில் ஒரு மலிவு செயலியை வைத்து எடுத்தார் என்ற செய்தி எங்கள் அலுவலகத்தில் தினமும் ஒருமுறையாவது அடிபடும். பெரும்பாலும் நான் ஏதாவது பில்லை நீட்டும்போது.

ஜனவரி தொடக்கத்தில் பரிந்துரைப் பட்டியல் வந்தது. எங்கள் பெயர் இல்லை. 21ஆம் தேதி சிர்குஸ் அரங்கத்தில் நடந்த விழாவை இயக்குநர் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆவணப்பட விருது சுகர் மேனுக்குப் போனது. அடுத்த மாதமே ஆஸ்கரும் அதற்குத்தான். அன்றிரவு நடந்த வாக்குவாதம் பரிசைப் பற்றியது இல்லை. சுகர் மேன் படம் தேடிப்போகிற அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸ் இரண்டு ஆல்பங்களுக்குப் பிறகு காணாமலே போய்விட்டார் என்பதுபோல் படம் கதை சொல்கிறது, ஆனால் 1979இலும் 1981இலும் அவர் ஆஸ்திரேலியாவில் மேடை ஏறியிருக்கிறார், அதைப் படம் விட்டுவிட்டது. இப்படி விடலாமா என்பது இயக்குநரின் கேள்வி. தென்னாப்பிரிக்க ரசிகர்கள் தேடிய கதை அது, அவர்களுக்குத் தெரியாததைப் படம் சொல்லாமல் விட்டது வடிவத்துக்குள் அடங்கும் என்றேன் நான். "அப்போ நான் அந்தப் பள்ளியில பக்கத்து ஊருக்குச் சந்தோஷமா மாறிப்போன மூணு பிள்ளைகளையும் விட்டிருக்கலாமே, படம் இன்னும் நல்லா அழ வச்சிருக்கும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த மூன்று பிள்ளைகள் வருகிற இடத்தில் படம் தொய்கிறது என்று ஒரு பேப்பரில் எழுதியிருந்தார்கள். அவர் அதை வெட்ட மறுத்திருந்தார்.

வசந்தத்தில் எங்கள் படம் 25 ஃபிரேமிலேயே, பழைய ஸ்டீரியோ கலவையோடு, தொலைக்காட்சியில் வந்தது. பள்ளித் திரையிடல்கள் அதற்குப் பிறகும் நடந்தன. கேட்டு எழுதிய ஆசிரியர்களில் பலர் டிசிபி வேண்டாம், டிவிடி அனுப்பினால் போதும் என்றார்கள். வன்தட்டுகள் என் அலமாரியில் கொஞ்ச நாள் இருந்தன. அப்புறம் அழித்துவிட்டு அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டோம்.