எஸ்கலேடு எவ்வளவு கொடுக்கும்?

டெக்சாஸில் என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி வசிக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் கையால் கோடு போட்ட ஒரு தாளை என்னிடம் நீட்டினார். மூன்று பிள்ளைகள், ஆண்டுக்கொரு முறை வந்து ஆறு மாதம் தங்கும் பெற்றோர், விடுமுறைதோறும் நெடுஞ்சாலைப் பயணம் என்று காரணங்களை அடுக்கி, காடிலாக் நிறுவனத்தின் பெரிய எஸ்யூவியான எஸ்கலேடில் பயன்படுத்திய வண்டி ஒன்றை வாங்குவதென்று அவர் முன்பே முடிவுசெய்திருந்தார். “எந்த வருஷத்து வண்டி நல்லா கொடுக்கும், அதை மட்டும் சொல்லுங்க” என்றார். இரண்டரை டன் எடையுள்ள வண்டியை வாங்கப்போகிறவர் மைலேஜ் கேட்பது வேடிக்கைதான். ஆனாலும் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அவர் தாளில் முதல் பிழை தொடக்கத்திலேயே இருந்தது. பழைய விளம்பரங்களிலிருந்து எடுத்த எண்களையும் புதிய வண்டிகளின் எண்களையும் ஒரே வரிசையில் எழுதியிருந்தார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 மாடல் ஆண்டிலிருந்து தன் கணக்கிடும் முறையை மாற்றி, அதிவேக ஓட்டம், ஏசி, கடுங்குளிர் ஆகியவற்றுக்கான சோதனைகளையும் சேர்த்துக்கொண்டது. அதனால் வண்டியில் எந்த மாற்றமும் இல்லாமலே நகரில் கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டருக்கு) எத்தனை மைல் என்று சொல்லும் நகர எண் சராசரியாக 12 சதவீதமும் நெடுஞ்சாலை எண் 8 சதவீதமும் இறங்கின. 2008-க்கு முந்தைய ஸ்டிக்கரை, அதாவது புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டும் மைலேஜ் சீட்டை, நம்பினால் பழைய வண்டி உண்மையைவிடச் சிக்கனமாகத் தெரியும். முகமையின் இணையதளம் பழைய வண்டிகளுக்கும் புதிய முறைப்படி திருத்திய எண்களைத் தருகிறது. ஒப்பிட அவற்றைத்தான் எடுக்க வேண்டும்.

அப்படி எடுத்துப் பார்த்தால் கிடைப்பது சற்று ஏமாற்றமான கதை. 403 குதிரைத்திறன் கொண்ட 6.2 லிட்டர் வி8 எஞ்சினுடன் வந்த 2008-ஆம் ஆண்டின் நான்கு சக்கர இயக்க எஸ்கலேடு, கேலனுக்கு நகரில் 12 மைலும் நெடுஞ்சாலையில் 18 மைலும் கொடுத்தது. பத்தாண்டு கழித்து, நேரடி எரிபொருள் செலுத்தம், தேவையில்லாதபோது பாதி சிலிண்டர்களை நிறுத்தும் ஏற்பாடு, 10 வேக கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்த பின் 2018 மாடலின் எண்கள் 14, 21. பின்சக்கர இயக்க வண்டியானால் 14, 23. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நகர நெரிசலில் லிட்டருக்கு 6 கிலோமீட்டரை ஒட்டித்தான் வருகிறது.

பிறகு 2021 மாடல் வந்தது. சூழலுக்கேற்ப சிலிண்டர்களை 17 வகையாக இயக்கவும் நிறுத்தவும் கூடிய புதிய ஏற்பாடு அதில் இருந்தது. ஆனால் வண்டியின் நீளமும் ஏறத்தாழ 204 அங்குலத்திலிருந்து 212 அங்குலமாகிவிட்டது. 22 அங்குலச் சக்கரங்கள் எல்லா வகையிலும் வந்தன. பின்சக்கர இயக்க வண்டியின் நெடுஞ்சாலை எண் 23-லிருந்து 20-க்கு இறங்க, நகர எண் ஒன்றே ஒன்று கூடி 15 ஆனது. இரண்டையும் சேர்த்த எண் பழையபடி 17. பொறியாளர்கள் ஒரு கையால் மிச்சப்படுத்தியதை வடிவமைப்பாளர்கள் மறு கையால் செலவழித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2023-இல் வந்த 682 குதிரைத்திறன் கொண்ட ‘வி’ வகையின் கூட்டு எண் 13. அதைப் பற்றி நண்பரிடம் பேச்செடுக்கவில்லை.

இந்த வரிசையில் உண்மையிலேயே மாறுபட்டவை இரண்டு. ஒன்று, 2009 முதல் 2013 வரை விற்ற ஹைபிரிட். ஜெனரல் மோட்டார்ஸ், டைம்லர் கிரைஸ்லர், பிஎம்டபிள்யூ ஆகியவை கூடி உருவாக்கிய அந்த ஏற்பாட்டில், கியர்பாக்ஸுக்குள்ளேயே இரண்டு மின் மோட்டார்கள் இருந்தன. 300 வோல்ட் நிக்கல் பேட்டரி துணைக்கு. சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடும். மெதுவாக மிதித்தால் மின்சாரத்திலேயே வண்டி நகரத் தொடங்கும். அதனால் 12-ஆக இருந்த நகர எண் 20 ஆனது. கனமான வண்டி எரிபொருளை வீணாக்குவது நின்று நின்று புறப்படும்போதுதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. விலையும் சிக்கலான அமைப்பும் வாங்குவோரைத் தயங்கவைத்தன. இன்றைக்கு வாங்கினால் அந்தப் பேட்டரியின் வயதையும் சேர்த்து வாங்குகிறோம்.

மற்றொன்று, 2021 முதல் 2024 வரை கிடைத்த 3 லிட்டர் டீசல். பின்சக்கர இயக்கத்தில் நகரில் 21, நெடுஞ்சாலையில் 27, கூட்டு எண் 23. குதிரைத்திறன் 277தான் என்றாலும் இழுவிசை பெட்ரோல் எஞ்சினுக்குச் சமம். டீசல் விலை அதிகமாயிற்றே என்றார் நண்பர். 6.2 லிட்டர் எஞ்சினுக்கு நிறுவனம் பரிந்துரைப்பது விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் என்பதால், அந்த வித்தியாசம் தோன்றும் அளவுக்குப் பெரிதல்ல. ஆனால் எண்ணெய் பம்பை ஓட்டும் பெல்ட்டை 150,000 மைலில் மாற்ற வேண்டும். அது எஞ்சினின் பின்புறம் இருப்பதால் கியர்பாக்ஸைக் கழற்றியாக வேண்டும். பயன்படுத்திய வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஓடோமீட்டரை.

இங்கே ஒரு கணக்கை அவருக்கு எழுதிக் காட்டினேன். ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டினால், 14 கொடுக்கும் வண்டி 857 கேலன் குடிக்கும். 17 கொடுப்பது 706. 23 கொடுப்பது 522. முதல் மூன்று மைல் ஏற்றத்தில் மிச்சம் 151 கேலன். அடுத்த ஆறு மைல் ஏற்றத்திலோ 184 மட்டுமே. இந்த மயக்கத்தைத் தெளிவாக்கத்தான் 2013 மாடல் ஆண்டிலிருந்து ஸ்டிக்கரில் நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்பதையும் அச்சிடுகிறார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பவர் அரிது.

காகிதத்தோடு நிற்காமல், 2018 மாடல் ஒன்றை ஒரு சனிக்கிழமை ஓட்டியும் பார்த்தோம். பிரீமியம் பம்பில் நாஸில் தானாக ‘டக்’கென்று நிற்கும்வரை நிரப்பிக்கொண்டு ஹூஸ்டன் பக்கமாகக் கிளம்பினோம். 65 மைல் வேகத்தில் வண்டியின் மைலேஜ் திரை 22-ஐக் காட்டியது. லாரிகளைத் தாண்ட 80-ஐத் தொட்டதும் எண் சரசரவென்று இறங்கியது. காற்றை முட்டித் தள்ளும் அந்தச் செங்குத்தான முகப்புக்கு வேகம் கூடக் கூட விலை ஏறத்தானே செய்யும். 198 மைல் ஓடியபின் அதே பம்பில் 10.9 கேலன் பிடித்தது. திரை 19.4 என்றது, வகுத்துப் பார்த்தால் 18.2.

பெட்ரோல் வண்டியில் 2021 முதல் 2024 வரையிலான 6.2 லிட்டரை எடுப்பதானால், எஞ்சின் கோளாறைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்து 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பின்படி வேலை முடிந்ததா என்று வண்டியின் அடையாள எண்ணை (விஐஎன்) வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு மெல்லிய 0டபிள்யூ-20 எண்ணெய்க்குப் பதிலாகத் தடித்த 0டபிள்யூ-40 ஊற்றுகிறார்கள். மெல்லிய எண்ணெயைப் பயன்படுத்துவதே உராய்வைக் குறைத்து மைலேஜைக் கூட்டத்தான் என்பதால், அந்த வண்டிகள் ஸ்டிக்கர் எண்ணைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுத்தால் வியப்படைய வேண்டாம்.

நண்பர் தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் ‘2022, டீசல், பின்சக்கரம், 80,000 மைலுக்குள்’ என்று எழுதிக்கொண்டார். வண்டி இன்னும் கிடைக்கவில்லை.