ஓட்டமும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும்

இன்று காலை திருவான்மியூர் பீச்சில் ஒரு தம்பி என்னை நிறுத்தி, "ஆன்ட்டி, வெயிட்டோட ஓடறீங்களா? சூப்பர்!" என்றான். ஏதோ ரன்னிங் குரூப் பனியன், இருட்டிலும் கூலிங் கிளாஸ், காதில் எறும்பு சைஸுக்கு ஒரு ப்ளூடூத். என் முதுகுப் பையில் ஆரஞ்சு பாக்கெட் பால் அரை லிட்டர் ஒன்று, நீலம் இரண்டு, கொத்தமல்லி, அப்புறம் ஜிப்பை மூடவிடாமல் வெளியே தலையாட்டிக்கொண்டிருந்த முருங்கைக்கீரை. "ஆமாம்ப்பா, ஒன்றரை கிலோவுக்கு மேல இருக்கும்" என்றேன். பொய்யில்லை. "கோச் யாரு ஆன்ட்டி?" என்றான். மாமியார் என்று வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான் ஓட ஆரம்பித்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே, சுகர் பார்டர்லைன், டாக்டர் முறைப்பு, வகையறா. ஆரம்பிப்பது பெரிய விஷயமில்லை, தினமும் எழுந்து போவதுதான் தலைவலி. அதற்கு ஊரே யோசனை சொல்கிறது. ஷூவைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள் என்றார்கள். வைத்தேன், சின்னவன் அதை ரயில்வே ஷெட்டாக்கி இன்ஜினை உள்ளே விட்டுவிட்டான், காலை விட்டபோதுதான் தெரிந்தது. முந்தின ராத்திரியே ஓடுகிற டிரஸ்ஸைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள் என்றார்கள். அதையும் செய்தேன். அதே டிரஸ்ஸில் எழுந்து, அதிலேயே லெமன் சாதம் கிளறி, இரண்டு டப்பா கட்டி, பெரியவளுக்கு ஜடை பின்னி, ஸ்கூல் வேன் வரை போய் ஏற்றிவிட்டு, அதே டிரஸ்ஸில் திரும்பி வந்தேன். வாட்ச்மேன் மட்டும் "இன்னிக்கு எவ்ளோ தூரம்மா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

இப்படியே போயிருந்தால் விட்டிருப்பேன். நடுவில் ஒருநாள் மாமியார், "சும்மாதானே ஓடுற, வரும்போது அப்படியே பால் வாங்கிட்டு வந்துடேன்" என்றார். அன்றைக்குப் பிடித்தது. மூன்றாவது மாடி மாமிக்கு ஆரஞ்சு பாக்கெட், வேறு பாலில் காபி போட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. பிரதோஷம் என்றால் மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் இரண்டு முழம் பூ. ஒருநாள் மழைக்குளிரில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், ஐந்தரைக்கு ஃபோன்: "ஏம்மா, ஒடம்பு சரியில்லையா? டிகாக்‌ஷன் எறங்கிடுத்து." யூட்யூபில் கையை ஆட்டி ஆட்டி ஊக்கம் கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர், இப்படி ஒரு வாக்கியம் அவர்கள் வாயில் வராது. ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஆனால் மாமிக்கு நன்றியெல்லாம் கிடையாது. நேற்று, காபியில் வெண்ணெய் மிதக்கிற மாதிரி இருக்கிறதே, ரொம்பக் குலுங்கி ஓடுகிறாயா என்று கேட்டார்.

கென்யாவின் ஓட்டக்காரர் கிப்சோகே 2019-ல் வியன்னாவில் மாரத்தானை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடினாரே, அவருக்கு முறை போட்டுக்கொண்டு கூட ஓட 41 பேர், முன்னால் வழிகாட்ட ஒரு கார், குடிக்கச் சைக்கிளில் வந்து கையிலேயே கொடுத்தார்கள். அப்படியெல்லாம் உதவி இருந்ததால்தான் அதை உலக சாதனைக் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்குக் கூட ஓட வடக்கு மாட வீதி முனையில் ஒரு பழுப்பு நாய் உண்டு, அதுவும் பால் பை கையில் இருந்தால்தான். கீரைக்காரம்மாவோ ஜிபே மிஷின் வாயைத் திறந்து தொகையைச் சொல்கிறவரை கட்டைக் கையில் தரமாட்டார். அந்த ஒரு கிலோமீட்டருக்கு என் வாட்ச் காட்டுகிற நேரத்தில் கிப்சோகே அடையாறு போய் டிபன் சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நம் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்களோடு ஈசிஆரில் சைக்கிள் மிதிக்கிறார் அல்லவா, முட்டுக்காடு, கோவளம் என்று. ஒன்பது மணிக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினால் மின்விசிறி, மோர், அப்புறம் முறுகலாக நெய் தோசை. இந்த மனிதரிடம் இதுவரை ஒருவரும் ஒரு கறிவேப்பிலைக் கொத்து வாங்கிவரச் சொன்னதில்லை. அவர் போவது பயிற்சியாம். நான் போவது பால் பூத்துக்கு.

இன்று பையைக் காலி பண்ணும்போது மாமியாரிடம் கேட்டே விட்டேன், "ஏங்கத்த, அவரை மட்டும் ஏன் எதுவும் வாங்கிட்டு வரச் சொல்றதில்ல?" மாமியார் கீரை ஆய்வதை நிறுத்தி நிஜமாகவே யோசித்தார்.

"அவன் சைக்கிள்ல கேரியரே இல்லையேம்மா. பாவம், எதுல வெச்சு எடுத்துட்டு வருவான்?"

வாஸ்தவம்தான். ஸ்கூட்டி விலை கொடுத்து வாங்கிய சைக்கிள். கேரியர் கிடையாது, ஸ்டாண்டுகூடக் கிடையாது, ஹால் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறது, ஒரு ஈரத்துண்டு போட விடமாட்டார். ஆனால் ஹேண்டில்பார் இருக்கிறது, இரண்டு பக்கமும். இரண்டு மஞ்சப்பை எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் இறால் நன்றாகக் கிடைக்குமாமே.