52 வயதில் நெட் எழுதிய நாடகக்காரன்

தேர்வு மைய வாசலில் நின்ற காவலர் என்னைப் பார்த்ததும், "பொண்ணை உள்ளே அனுப்பிட்டு அந்த மரத்தடியில உக்காருங்க ஐயா" என்றார். நான் ஹால் டிக்கெட்டை நீட்டினேன். போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார், அப்புறம் "உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்று இழுத்தார். பார்த்திருப்பார். டிவி சீரியல்களில் கதாநாயகியின் அப்பாவாக மூன்று தடவை செத்திருக்கிறேன்.

27 வருஷம் மேடை, அதில் கடைசிப் பதினைந்து வருஷம் சினிமாவும் சீரியலும் கலந்து. இளவயதில் நாடகத்தில் எம்.ஏ. முடித்தது பெட்டிக்கு அடியில் கிடந்தது. கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுக்கப் போகலாமே என்ற யோசனை ஐம்பதுக்கு மேல்தான் வந்தது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத்தான் வயது வரம்பு, உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மேல்வரம்பு கிடையாது என்று தெரிந்ததும் விண்ணப்பித்துவிட்டேன். இரண்டு தாள்: முதலாவது எல்லோருக்கும் பொது, இரண்டாவது அவரவர் பாடம். நாடகத்துறை ஆட்கள் எழுத வேண்டிய பாடத்தின் எண் 65, நிகழ்த்துகலை. நடனமும் நாடகமும் அரங்கியலும் ஒரே தாளில். முதல் தடவை தோற்றேன், அடுத்த தடவை தகுதி வந்தது. இரண்டையும் சொல்கிறேன், முக்கியமாக முதலாவதை, ஏனென்றால் நடிகர்கள் எல்லோரும் அதே குழியில்தான் விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

என் குழி இதுதான்: நமக்குத் தெரியாத நாடகமா என்ற மெத்தனம். இரண்டாம் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண். பக்கத்தில் நின்று பார்த்த தெருக்கூத்து, நானே நடித்த நவீன நாடகங்கள், ஒத்திகை நடத்திய பட்டறைகள் இருக்கும்போது எதற்குப் புத்தகம் என்று உட்கார்ந்துவிட்டேன். திரையில் வந்த கேள்வியோ, இந்தக் கூற்று சரி, இந்தக் காரணம் தவறு, இவற்றைக் காலவரிசைப்படுத்து, இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு பொருத்து. வியர்வை உண்மையிலேயே வழிந்தது. முதல் தாளில் நூற்றுக்கு 34, இரண்டாவதில் இருநூற்றுக்கு 112. வீட்டில் சொன்னபோது மனைவி, "வசனத்தை மறந்தா மேடையில சமாளிப்பீங்க, இங்க சமாளிக்க முடியலையாக்கும்" என்றாள். சரிதான்.

இரண்டாம் தடவை ஒரு விஷயத்தை மாற்றினேன். புத்தகத்தைத் தனியாகவும் என் தொழிலைத் தனியாகவும் வைப்பதை விட்டேன். பாடத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லுக்கும், நான் மேடையிலோ கேமரா முன்னாலோ பட்ட ஒரு சம்பவத்தை ஆணியாக அடித்து அதில் மாட்டினேன். ஆணி கிடைக்காத சொற்கள்தான் மறந்தன. உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும்.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் நாடகக் கொட்டகையின் வடிவத்தை மூன்றாகப் பிரிக்கிறது: விக்ருஷ்டம், சதுரஸ்ரம், திரியஸ்ரம். நீள்சதுரம், சதுரம், முக்கோணம். மனிதர்களுக்கு ஏற்றது நடுத்தர அளவு, 64 முழ நீளம், 32 முழ அகலம் என்கிறது. இதை வெறும் எண்ணாகப் படித்து மூன்று தடவை மறந்தேன். பிறகு அந்த அளவுக்குப் பரதர் சொல்கிற காரணத்தைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன்: கொட்டகை இதற்குமேல் பெரிதானால் பேச்சு தெளிவாகக் கேட்காது, முகத்தின் பாவம் கண்ணுக்குத் தெரியாது. முழத்தை ஒன்றரை அடி என்று வைத்தால் 96 அடி நீளம். அதில் பாதி மேடைக்கும் அதன் பின்கட்டுக்கும் போய்விடும், மிச்சம் 48 அடிதான் சனம் உட்கார. கடைசி ஆள் 48 அடியில்.

உடனே ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. ஒரு கோயில் திருவிழாவில், ராத்திரி பதினொரு மணி இருக்கும், பாதி நாடகத்தில் மைக் போய்விட்டது. எதிரே ஏகப்பட்ட கூட்டம். என் மகன் இறந்த செய்தியைக் கேட்கிற காட்சி. முன்வரிசைக் கிழவிகள் அழுகிறார்கள், பின்னால் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தவர்கள் "என்னய்யா சொல்றே?" என்று கத்துகிறார்கள். அன்றைக்கு நான் செய்தது இதுதான்: முகத்தை விட்டுவிட்டு உடம்பை எடுத்தேன். தோளிலிருந்த துண்டு நழுவட்டும் என்று விட்டு, அதை எடுக்கக் குனிந்தவன் நிமிரவேயில்லை, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கேரியர் ஆட்கள் அமைதியானார்கள். அது நினைவுக்கு வந்ததிலிருந்து பரதர் சொன்ன 64 முழம் எனக்கு எண்ணாக இல்லை, அந்தச் சைக்கிள் கேரியராக இருக்கிறது. பரீட்சையில் அளவு பற்றிய கேள்வி வந்தால் ஒரு நொடியில் அடிப்பேன்.

அதே மாதிரி ஸாத்விக பாவங்கள் எட்டு. ஸ்தம்பம், ஸ்வேதம், ரோமாஞ்சம், ஸ்வரபேதம், வேபது, வைவர்ண்யம், அச்ரு, ப்ரளயம். அதாவது உறைந்து போதல், வியர்வை, மயிர்க்கூச்சம், குரல் மாறுதல், நடுக்கம், நிறம் மாறுதல், கண்ணீர், மூர்ச்சை. மனம் ஒருமைப்படாமல் இவை வராது என்பது சாஸ்திரம். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். ஏனென்றால் எங்கள் சீரியல் ஷூட்டிங்கில் ஏழாவது ஐட்டம் ஒரு சின்ன பாட்டிலில் வரும், பெயர் கிளிசரின். மேக்கப்மேன் கண்ணுக்குக் கீழே தடவிவிடுவார், காந்தும், கண்ணீர் வரும், குளோஸப் முடிந்ததும் டிஷ்யூ கொடுப்பார். ஆனால் ஒரு நாள் அது பலிக்கவில்லை. ஆஸ்பத்திரி செட், மகள் படுத்திருக்கிறாள், கிளிசரின் தாரையாக வழிகிறது, இயக்குநர் மானிட்டரிலிருந்து எழுந்து வந்து மெதுவாக, "சார், கண்ணீர் இருக்கு, நீங்க இல்லை. அழாதீங்க, கண்ணை மட்டும் தூக்கி அவ கையைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அந்தப் பெண்ணின் புறங்கையில் ஊசி குத்தின மாதிரி ஒட்டியிருந்த பிளாஸ்திரி ஒரு ஓரத்தில் பிரிந்து எழும்பியிருந்தது. என் அம்மாவின் கையில் இருந்ததும் அப்படித்தான் இருக்கும். தொண்டை அடைத்தது, வசனம் வேறு குரலில் வந்தது, நானே எதிர்பார்க்கவில்லை. அது ஸ்வரபேதம். நாலாவது. இனி இந்த வரிசையை நான் மறப்பேனா?

மேடையும் கேமராவும் பற்றி இவ்வளவு வருஷமாக என்னிடம் பேட்டி கேட்டவர்களிடம், மேடையில் பெரிதாகச் செய்ய வேண்டும், கேமராவுக்குச் சின்னதாகச் செய்ய வேண்டும் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவந்தேன். படிக்கும்போதுதான் அது அரைகுறைப் பேச்சு என்று உறைத்தது. ஆங்கிகம் (உடம்பு), வாசிகம் (பேச்சு), ஆஹார்யம் (வேஷம்), ஸாத்விகம் (உள்ளுணர்வு) என்று அபிநயம் நாலு. தூரம் கூடினால் ஆங்கிகமும் ஆஹார்யமும் வேலை செய்கின்றன, கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் அவ்வளவு பெரிதாக இருப்பது அதனால்தான். கேமரா கிட்டே வந்தால் அவை ஒதுங்கி ஸாத்விகம் முன்னால் வருகிறது. வேலை கூடவோ குறையவோ இல்லை, எந்தப் பங்கு முன்னே நிற்கிறது என்பதுதான் மாறுகிறது. இதை முப்பது வயதில் யாராவது சொல்லியிருந்தால் பல டேக் மிச்சமாகியிருக்கும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒன்று. இந்தத் தாளுக்குக் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பயப்பட வேண்டாம், ஆனால் கலைச்சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்துப் பழகிவிடுங்கள், இல்லாவிட்டால் நன்றாகத் தெரிந்த சமாசாரமே அந்நிய ஆளாக வந்து நிற்கும். புரிந்துகொள்வதைத் தமிழில் செய்யுங்கள். ரசங்கள் எட்டு என்று தடுமாறும்போது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பிடித்துக்கொண்டேன்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஹாஸ்யம், கருணை, பீபத்சம், அற்புதம், பயானகம், வீரம், ரௌத்திரம், சிருங்காரம் என்று பக்கத்தில் எழுதினால் ஏறக்குறைய ஜோடி சேர்ந்துவிடும். ஒன்பதாவதான சாந்தம் பின்னால் வந்து சேர்ந்தது. நிலைத்து நிற்கும் ஸ்தாயி 8, வந்துபோகிற வியபிசாரி 33, ஸாத்விகம் 8, ஆக மொத்தம் 49 பாவம். இந்தக் கூட்டலை ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை சொல்லிக்கொண்டு படுங்கள்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் ஒரு தடவை வாசியுங்கள், கேள்வி வருகிறதோ இல்லையோ. 24 விரல் ஒரு கோல், மேடை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், வாசல் இரண்டு. தூணின் நிழல் ஆடுகிறவர் மேலோ அவை மேலோ விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்கிறது. ஒரு ஷாட்டுக்கு நாற்பது நிமிஷம் லைட்டைத் தள்ளித்தள்ளி நிழலை வெட்டும் கேமராமேன்களைத் திட்டியிருக்கிறேன், அதற்கு மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எழினி என்கிற திரை வகைகள் மூன்றும் அங்கேதான்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, வேஷக்காரன் அதன் பின்னாலிருந்து சலங்கையை உதறிக்கொண்டு வருவதையும், கதகளியில் திரைக்கு மேலாக முகம் தெரிவதையும் யோசித்துக்கொண்டே வாசித்தால் மரபு வடிவங்கள் பகுதி பாதி முடிந்த மாதிரி.

மேற்கத்திய நாடகம்தான் பலருக்கு இடிக்கும். எனக்கு ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இடிக்கவில்லை, நம் தெருக்கூத்துக் கோமாளி கட்டியங்காரன் காப்பாற்றினான். துரியோதனன் கர்ஜித்துக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வந்து ஊர்த் தலைவரைக் கிண்டலடித்து, சனத்தைக் கதையிலிருந்து வெளியே இழுத்து உட்கார வைக்கிறானே, அதற்குப் பக்கத்து வீட்டு விஷயம்தான் பிரெக்டின் அந்நியமாதல். பிரெக்ட் அதை யோசிக்கத் தூண்டியவர் சீன நடிகர் மெய் லான்ஃபாங், 1935இல் மாஸ்கோவில் பார்த்தது. ரஷ்ய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி என்றால் 1898, மாஸ்கோ ஆர்ட் தியேட்டர். இரண்டு மாஸ்கோவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் குழப்பினேன்.

காலவரிசைக் கேள்விக்கு ஒரு வழி சொல்கிறேன். ஷூட்டிங்கில் கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் ஒருவர் இருப்பார், துண்டு எந்தத் தோளில் கிடந்தது, காபி டம்ளர் எவ்வளவு காலியாக இருந்தது என்று குறித்துக்கொண்டே இருப்பார், ஏனென்றால் காட்சிகளை முன்பின்னாகத்தான் எடுப்பார்கள். அந்த மாதிரி ஒரு தாள் ஒட்டினேன் குளியலறைக் கதவில். கல்கத்தாவில் ரஷ்யரான லெபதேவ் நாடகம் போட்டது 1795. அவுரித் தோட்ட வெள்ளைக்காரர்களின் கொடுமையைக் காட்டிய நீல தர்ப்பண் மேடையேறியது 1872, பிரிட்டிஷ்காரர்கள் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது 1876, அதாவது அடி விழுந்தது முதலில், சட்டம் பிறகு. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை 1891. சமஸ்கிருத நாடகாசிரியர் பாசனின் 13 நாடகங்களைத் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சேற்றத் தொடங்கியது 1912. இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டா 1943, சங்கீத நாடக அகாதெமி 1953, தேசிய நாடகப் பள்ளி 1959. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காரணத்தைப் பிடித்துப் போனால் வருஷம் தானாக வரும்.

அப்புறம், வாய்விட்டுப் படியுங்கள். எங்கள் தொழிலில் வசனத்தைப் பாடம் பண்ணுவது என்றால் நடந்துகொண்டே சொல்வதுதான், உட்கார்ந்து கண்ணால் படித்தவன் மேடையில் விழுங்குவான். தெருவில் நடந்துகொண்டு "விபாவம், அனுபாவம், வியபிசாரி" என்று முணுமுணுத்ததைப் பார்த்து எதிர்வீட்டம்மா என் மனைவியிடம் நலம் விசாரித்தார், அது வேறு கதை.

முதல் தாளை அலட்சியப்படுத்தியதும் சேர்ந்துதான் என்னை முதல் தடவை கவிழ்த்தது. 50 கேள்வி, 100 மதிப்பெண், பத்துப் பகுதிகள், கணக்கு, தர்க்கம், கணினி, உயர்கல்வி அமைப்பு என்று நமக்குச் சம்பந்தமே இல்லாத முகங்கள். தினம் ஒரு மணி நேரம் பழைய வினாத்தாள் போட்டேன், அவ்வளவுதான், வித்தை ஒன்றுமில்லை. தவறுக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். இரண்டு தாளுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம், இடைவேளை இல்லை. நான் நாடகத் தாளை முதலில் முடித்துவிட்டுக் கணக்குக்கு வந்தேன். நடனக் கேள்விகளில் கதக் கரானாக்கள் (பரம்பரைப் பாணிகள்), ஒடிசி எல்லாம் வரும், நாடகக்காரர்கள் அங்கே கோட்டை விடுகிறார்கள். மோகினியாட்டத்துக்கும் கூடியாட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதாது, முத்திரைகளின் பெயர் வரைக்கும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் தடவை முதல் தாளில் 58, இரண்டாவதில் 150. முடிவு வந்த சமயம் நான் ஷூட்டிங்கில் இருந்தேன். மொபைலில் பார்த்துவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். மேக்கப்மேன் கிளிசரின் பாட்டிலோடு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பவே போட்டுக்கிட்டீங்களா சார்? உங்க சீன் மத்தியானம்தானே" என்றார்.