மாடிப்படியும் என் வலது முட்டியும்

எனக்கு 68 வயது. பெரம்பூரில் இரண்டாவது மாடியில் வாசம், லிஃப்ட் கிடையாது. காலையில் எழுந்ததும் வலது முட்டி இறுகிக் கிடக்கும். நாலு அடி நடந்தால்தான் பிடி விடும். சாயங்காலம் படியேறினால் உயிர் போகும். தெருவில் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். எல்லாவற்றையும் தேய்த்தாயிற்று.

கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கு மருமகள் கூட்டிப்போனாள். எக்ஸ்ரேவை நிற்கவைத்தே எடுத்தார்கள். படுத்தால் உடம்புப் பாரம் முட்டியில் இறங்காதாம், எலும்புக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சரியாகத் தெரியாதாம். தேய்மானம்தான். “தேஞ்ச ஜவ்வு திரும்ப வளராதும்மா. தொடைச் சதை வலுவானா வலி குறையும்” என்றார் டாக்டர். பி.பி. இருப்பதால் வலி மாத்திரையை நானாக வாங்கிப் போடக் கூடாது என்று கண்டிப்பு வேறு. பி.பி. ஏறும், கிட்னிக்கும் ஆகாது.

பிசியோதெரபிக்கு வேண்டியதெல்லாம் ஒரு துண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கிக் கீழே அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். எண்ணுவது பேரன், மூன்றிலேயே டிவி பக்கம் திரும்பிவிடுவான். முதலில் வலி கூடிய மாதிரிதான் இருந்தது. என்னோடு வந்த பலர் அந்தக் கட்டத்தில்தான் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை, மெல்ல மெல்லப் படி வசப்பட்டது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடி மட்டும் இடது கையில். “மாமி, தப்பாப் பிடிக்கிறீங்க” என்று திருத்தாத ஆளில்லை. வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்தால்தான் முட்டியில் பாரம் குறையும்.

உண்மையில் என் நாளை மாற்றியது இதெல்லாம்கூட இல்லை, கமோடு நாற்காலி. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். உட்கார்ந்து எழப் பயந்து தண்ணீரையே குறைத்திருந்தேன், வெளியூர்க் கல்யாணங்களைத் தட்டிக் கழித்தேன். வெஸ்டர்னாக மாற்ற வீட்டு ஓனர் சம்மதிக்கவில்லை. நடுவில் ஓட்டை வைத்த அந்த நாற்காலியை வாங்கி டாய்லெட் மேலேயே போட்டுக்கொண்டோம். இப்போது வயிறாரத் தண்ணீர் குடிக்கிறேன்.

அடுத்தது எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ பாரம் மிச்சமாம். சரி என்று ராத்திரி இட்லியை நாலிலிருந்து மூன்றாக்கியிருக்கிறேன். சட்னியில் கை வைக்கவில்லை.