விரட்டாமல் வீடு மாற்றுதல்: மூன்று வேகக்கார டரான்டுலாக்கள்

இந்த ஆண்டு, நான் வளர்க்கும் மூன்று டரான்டுலாக்களுக்கு (மயிரடர்ந்த பெரிய சிலந்திகள்) வீடு மாற்றிக் கொடுத்தேன். மூன்றும் வேகத்துக்குப் பேர்போனவை. முதலாவது இர்மினியா. தென்னமெரிக்காவில் வெனிசுவேலா, கயானா, பிரேசில் நாடுகளின் மரங்களில் வாழும் இனம். கரிய உடம்பு, கால் நுனிகளில் ஆரஞ்சுத் தீற்றல். இரண்டாவது, வளர்ப்பவர்கள் ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் ஆரஞ்சு பபூன் டரான்டுலா. கென்யா, தான்சானியா முதல் தெற்கு ஆப்பிரிக்கா வரை காணப்படுவது. மூன்றாவது ரீகாலிஸ். இந்தியா, இலங்கை மரப்பொந்துகளுக்குச் சொந்தமான பொயிசிலோத்தீரியா பேரினத்தைச் சேர்ந்த இந்திய இனம். மூன்றும் இங்கே இங்கிலாந்தில், வளர்ப்பவர்களிடம் பிறந்த குஞ்சுகளாக என்னிடம் வந்தவை.

இவ்வளவு வேகமாக ஓடுவதை எப்படிப் பிடிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிடிப்பதே இல்லை என்பதுதான் என் பதில். நம் கை அசையத் தொடங்குவதற்குள் அது பெட்டியின் மறுபக்கம் போயிருக்கும். ஆகவே மூடியைத் திறப்பதற்கு முன்பே அது போகக்கூடிய வழிகளையெல்லாம் எண்ணிப் பார்த்து, ஒன்றைத் தவிர மற்றவற்றை அடைத்துவிட வேண்டும். மீதமிருக்கும் அந்த ஒரு வழி, அதற்கே பிடித்த வழியாக இருக்க வேண்டும். முழு வேலையும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஓட்டம் ஏன் இவற்றுக்கு இவ்வளவு முக்கியம் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பாலான டரான்டுலாக்களுக்கு வயிற்றின் மேல் அரிப்பூட்டும் மயிர்கள் உண்டு. ஆபத்து வந்தால் பின்கால்களால் அவற்றைத் தேய்த்துப் பறக்கவிடும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த ஆயுதம் கிடையாது. இர்மினியா அமெரிக்க இனம்தான் என்றாலும் அதற்கும் கிடையாது. எனவே ஓடுவது, ஒளிவது, அதற்கும் வழியில்லாவிட்டால் கடிப்பது என்ற வரிசையில்தான் இவை நடந்துகொள்கின்றன. ஒளிய இடம் கொடுத்துவிட்டால் கடைசிப் படிக்கு அவை வருவது அரிது.

சிலந்தியின் காலில் இரண்டு முக்கியமான மூட்டுகளை நீட்டுவதற்குத் தசையே இல்லை. மடக்கத் தசை உண்டு. நீட்டுவது உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம். அதனால் பாய்ச்சல் மின்னல் வேகத்தில் இருந்தாலும் நெடுநேரம் தாங்காது. சில நொடிகளில் நின்றுவிடும். இன்னொன்று, அதன் வேகம் சூட்டைப் பொறுத்தது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். இதைத் திரித்துக்கொண்டு, இடம் மாற்றும் முன் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்தால் மந்தமாகிவிடும் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். நம் வசதிக்காக ஓர் உயிரை விறைக்க வைப்பது வளர்ப்பு ஆகாது. காலையில், வீட்டு ஹீட்டரைப் போடுவதற்கு முன், அறை 19 அல்லது 20 பாகை செல்சியஸில் இருக்கும்போது தொடங்கினாலே போதுமான நிதானம் கிடைக்கும்.

வேலை எப்போதும் தரையில்தான் நடக்கும், மேசையில் அல்ல. டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோல் பை. உயரத்திலிருந்து விழுந்தால் கிழிந்து இறந்துவிடக்கூடும். அறைக் கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைப்பேன். பழைய பெட்டி, புதிய பெட்டி இரண்டையும் மூடியுள்ள ஒரு பெரிய ஒளிபுகும் பெட்டிக்குள் வைத்துத்தான் திறப்பேன். எட்டும் தூரத்தில் இரண்டு அளவுகளில் தெளிவான பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரு தடித்த அட்டை, மென்மையான ஓவியத் தூரிகை, 30 சென்டிமீட்டர் இடுக்கி. இடுக்கி பொருள்களைத் தொடுவதற்கு மட்டுமே. சிலந்தியை அதனால் பிடிக்கப் போனால் காலை உதறிவிட்டு ஓடிவிடும். இழந்த கால் அடுத்தடுத்த முறை சட்டை உரிக்கும்போது வளரும் என்பது உண்மைதான், ஆனாலும் அந்த நிலைக்கு அதைத் தள்ளக் கூடாது.

இர்மினியாவின் கதை சுருக்கமானது. கால்விரிவு 4 சென்டிமீட்டர் வந்துவிட்டது. இருந்த சிறு டப்பாவின் மூடிவரை மண்ணும் தன் பட்டு நூலும் கலந்து குழாய் கட்டியிருந்தது. மூடியைத் திறந்தால் அதன் வீட்டுக் கூரையே பிய்ந்துவிடும். எனவே டப்பாவின் பக்கவாட்டில் முன்பே வெட்டி ஒட்டி வைத்திருந்த சிறு கதவை மட்டும் நீக்கி, டப்பாவை அப்படியே புதிய பெட்டிக்குள் சாய்த்து வைத்தேன். அதன் வாயருகில் ஒரு துண்டு மரப்பட்டை, இரண்டு பிளாஸ்டிக் இலை. பிறகு பெட்டியை மூடிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். ஓர் இரவில் அது தானாகவே பட்டைக்குப் பின்னால் குடியேறிவிட்டது. அது அங்கே புதுப் பட்டு நெய்த பிறகுதான் பழைய டப்பாவை எடுத்தேன். குஞ்சுகளுக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. குஞ்சை வாங்கும்போதே டப்பாவில் இந்தக் கதவை வெட்டி வைத்துவிடுங்கள்.

ஓ.பி.டி. இவ்வளவு எளிதாக விடவில்லை. பொதுவாகவே கோபக்காரச் சிலந்தி என்று பேர் வாங்கிய இனம். முன்கால்களைத் தூக்கி, நச்சுப்பற்களை விரித்துக் காட்டி, சீறல் போன்ற ஓர் உராய்வொலியும் எழுப்பும். எனக்கு அது கோபமாகத் தோன்றவில்லை. அச்சத்தைத் தெளிவாக முன்கூட்டியே சொல்லிவிடும் விலங்கு அது. எச்சரிக்காமல் ஓடும் இனங்களைவிட இதனோடு வேலை செய்வது எனக்கு மனத்துக்கு நெருக்கமானது. மண்ணுக்குள் வளையும், வளைவாயைச் சுற்றி அடர்ந்த வெண்பட்டும் கட்டியிருந்தது.

இதற்கு அகன்ற வாயுள்ள பழச்சாற்றுப் போத்தல் ஒன்றை எடுத்தேன். அடியை வெட்டி, வெட்டிய விளிம்பில் நாடா ஒட்டி, மூடியில் ஊசித் துளைகள் போட்டுக்கொண்டேன். போத்தலின் அகன்ற பக்கத்தை வளைவாயின்மேல் மண்ணில் சற்று அழுத்தி நிறுத்தினேன். வளை பெட்டியின் சுவரை ஒட்டி இறங்கியதால், சிலந்தி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது. பெட்டியின் பக்கச் சுவரில் இருந்த காற்றுத்துளை வழியாக ஒரு மெல்லிய குச்சியை விட்டு, அதன் பின்பக்கத்து மண்ணை மெதுவாகக் கிளறினேன். மேலே ஏறி வந்தது; போத்தலைப் பார்த்தது; திரும்பி வளைக்குள் போய்விட்டது. இதே நாடகம் திரும்பத் திரும்ப நடந்தது. அன்று நிறுத்திவிட்டேன். களைத்த சிலந்தியையும் பொறுமை குறைந்த மனிதரையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடரக் கூடாது. மறுநாள் காலை போத்தலைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டி, பெட்டியின் பக்கத்தில் விளக்கை வைத்தேன். மேலே இருட்டு, கீழே வெளிச்சம். குச்சி தொட்டவுடன் நேராக ஏறிப் போத்தலின் கழுத்தில் ஒடுங்கிக்கொண்டது. அடியில் அட்டையை நகர்த்தி மூடினேன். கால் நசுங்காதபடி அட்டையை நத்தை வேகத்தில் தள்ள வேண்டும்.

புதிய வீட்டில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்காய் நார்த்தூளும் மண்ணும் கலந்து அழுத்தி, ஒரு மூலையில் விரல் தடிமனுக்கும் சற்றுக் கூடுதலாகத் துளை போட்டிருந்தேன். போத்தலின் வாயைத் துளையோடு பொருத்தி, மூடியைக் கழற்றி, துணியை மேலிருந்து மெதுவாக விலக்கினேன். வெளிச்சம் இறங்க இறங்க அதுவும் இறங்கியது. பழைய வீட்டின் பட்டில் ஒரு கைப்பிடி எடுத்துத் துளையருகே வைத்ததும் உதவியிருக்கும் என்று நம்புகிறேன். தன் பட்டு நூலை மிதித்தவுடன் அதன் நடை மாறியதைப் பார்த்தேன்.

ரீகாலிஸைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும்.

நான் இலங்கையின் வன்னியில் பிறந்தவள். அங்கே இதன் உறவினங்களைப் புலிமுகச் சிலந்தி என்போம். வீட்டுச் சுவரில் கண்டால் தும்புத்தடியை (துடைப்பத்தை)த் தேடுவார்கள். மாங்குளம் பகுதியில், 2009-இல் ஊர்மக்கள் கொன்ற ஒரு சிலந்தியைக் கொண்டுவந்து காட்டியதில் தொடங்கிய தேடல்தான், பின்னர் பொயிசிலோத்தீரியா ராஜாய் என்ற பெயரோடு உலகச் செய்திகளில் வந்தது. இராமேஸ்வரத்தில் கண்டறியப்பட்டு 2004-இல் விவரிக்கப்பட்ட ஹனுமவிலாசுமிகா என்ற இனம், கடலுக்கு எங்கள் பக்கம் மன்னாரிலும் இருப்பது பிறகு தெரியவந்தது. அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆந்திரத்தின் நீல நிறச் சிலந்தியான மெட்டாலிகாவும் அப்படியே. பொந்துள்ள முதிய மரங்கள் போனால் இவையும் போய்விடும். 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடுகளுக்கிடையே கொண்டுசெல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். காட்டில் பிடித்ததை யாரும் வாங்காதீர்கள். ஊரில் கண்டாலும் பிடித்து வளர்க்க எண்ணாதீர்கள். ஒரு கிண்ணமும் அட்டையும் கொண்டு மரத்தடியில் விட்டுவிட்டால் போதும்.

என்னிடம் இருப்பது பெண். அது உரித்த சட்டையை நீரில் ஒரு துளி சோப்புக் கலந்து ஊறவைத்து, வயிற்றுப் பகுதியை விரித்து, உருப்பெருக்கியில் பார்த்தபோது விந்துப்பை தெளிவாகத் தெரிந்தது. ஆண் என்றால் முதிர்ந்தபின் சில காலம்தான். பெண் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடும். எனவே 30 சென்டிமீட்டர் அகலமும் 45 உயரமும் உள்ள கண்ணாடிப் பெட்டி, நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு பெரிய தக்கைப்பட்டைக் குழாய், எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றோட்டம் என்று நிலையான வீடே அமைத்தேன். சட்டை உரித்தவுடன் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும். சிவந்து, பிறகு கறுக்கும். கறுத்து, ஒரு கரப்பானையும் தின்று முடித்த பிறகுதான் நாள் குறித்தேன்.

இது பகலில் குழாயை விட்டு வெளியே வராது. வெளிச்சம் பட்டால் உள்ளே போகும். ஆகவே சிலந்தியை மாற்றாமல், அது இருக்கும் குழாயையே மாற்றுவது என்று திட்டம். குழாயின் மேல்வாயில் அடைக்க ஒரு கடற்பஞ்சுத் துண்டு. அதில் நீண்ட நூல் ஒன்றைக் கட்டி வைத்தேன். புதிய பெட்டியில் குழாயை நிறுத்திக் கதவை மூடிய பிறகு, இடுக்கு வழியாக நூலை இழுத்தால் அடைப்பு கழன்றுவிடும். திறந்த பெட்டிக்குள் கை இருக்கவே தேவையில்லை.

தம்பி பெரிய பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டான். மேல்வாயை அடைத்து, கீழ்வாயில் அட்டையைக் கொடுத்துக் குழாயைத் தூக்கினேன். "அக்கா, பக்கத்து வெடிப்பில் கால் தெரிகிறது" என்றான். பட்டையில் பழைய பட்டு மூடியிருந்த ஒரு பிளவு, குழாய் அசைந்ததில் திறந்திருந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் அது வெளியே வந்து பெரிய பெட்டியின் சுவரைச் சுற்றி ஓடி மூலையில் நின்றது. அவன் மூடியைச் சாத்தினான். நாங்கள் இருவரும் எதுவும் செய்யவில்லை. பாய்ச்சல் ஓய்ந்து, கால்களை உடம்போடு ஒட்டி அது அடங்கி உட்காரும்வரை காத்திருந்தோம். பிறகு குழாயைப் படுக்கவைத்து, வாயை அதன் முகத்துக்கு எதிரே திருப்பி, மேலே துண்டைப் போர்த்தினேன். தம்பி எதிர்ப்பக்கத்திலிருந்து கைவிளக்கைப் பிடித்தான். முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். ஓடாமல், நடந்தே உள்ளே போனது. வெடிப்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, மற்றதையெல்லாம் முதலில் நினைத்தபடியே செய்தோம். நூல் முறை மிக அழகாக வேலை செய்தது.

கடியைப் பற்றி ஒரு சொல். பொயிசிலோத்தீரியா கடித்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆனாலும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கடும் தசைப்பிடிப்பு பரவலாக ஏற்படுவதையும், அது சில மணி நேரமோ அதற்குமேலோ கழித்துத் தொடங்கக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது. இதற்கென முறிமருந்து இல்லை. எனவே தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கையில் ஏறிவிட்டால் உதறாதீர்கள். அசையாமல் நின்று அடுத்தவரைக் கிண்ணம் வைக்கச் சொல்லுங்கள்.

இப்போதைய நிலை: ரீகாலிஸ் சில வாரம் உணவைத் தொடவில்லை, பிறகு குழாய் வாயில் ஒரு டூபியா கரப்பானைப் பிடித்தது. ஓ.பி.டி. நான் போட்ட துளையை விட்டுவிட்டு எதிர் மூலையில் புது வளை தோண்டியிருக்கிறது. அதை இனி நீண்ட காலம் மாற்ற வேண்டியதில்லை. இர்மினியா இன்னொரு முறை சட்டை உரித்ததும் பெரிய பெட்டிக்குப் போகும். அதன் மரப்பட்டையில் வெடிப்பு இருக்கிறதா என்று கைவிளக்கை உள்ளே விட்டுப் பார்த்து, இரண்டு இடங்களைத் தக்கைத்தூள் குழைத்து அடைத்து வைத்திருக்கிறேன்.