பாதி விலைச் சீட்டு எங்கே?

கோடை விடுமுறையையொட்டி, சென்னையை அடுத்த பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று பாதி விலையில் நுழைவுச்சீட்டு என்று முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. முன்பதிவு தொடங்கிய சற்று நேரத்திலேயே சலுகைச் சீட்டுகள் தீர்ந்துவிட்டன, ஆனால் அதே நாளுக்கு முழு விலைச் சீட்டுகள் தாராளமாகக் கிடைத்தன. சலுகை எத்தனை பேருக்கு என்ற விவரம் எங்கும் இல்லை. 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரி மட்டும் பொடி எழுத்தில் இருந்தது. பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிட்ட பெற்றோர் வேறு வழியின்றி முழுப் பணத்தையும் கட்டுவார்கள் என்ற கணக்கு இதில் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, அறிவித்த விலையில் போதிய அளவு விற்பனைக்கு இருக்க வேண்டும். இருப்பு குறைவென்றால் விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.