95-21

1989 அக்டோபரில் நடந்த ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் ஸ்கோர் இது. ஹியூஸ்டன் 95, சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் 21. இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அன்று அடி வாங்கிய அணியில் பெரும்பாலும் முதலாமாண்டுப் பையன்கள்.

டல்லாஸில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் வீரர்களுக்கு விதியை மீறி ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தார்கள். ஏற்கெனவே தண்டனை வாங்கியும் நிறுத்தவில்லை. 1987 பிப்ரவரியில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அந்த ஆண்டு சீசனையே ரத்து செய்தது. அதற்கு ‘மரண தண்டனை’ என்றே பெயர். அணியைத் திரட்ட முடியாமல் 1988இலும் ஆடவில்லை. மற்ற கல்லூரிக்காரர்கள் வளாகத்துக்கே வந்து நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

சரி, பணத்தைத் தொடர்ந்து கொடுக்கச் சம்மதித்த பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவர் பில் கிளெமென்ட்ஸ்? அதற்குள் அவர் டெக்சாஸ் கவர்னர். தன் பங்கை ஒப்புக்கொண்டார், 1991 வரை பதவியிலும் இருந்தார். பெரியவர்கள் செய்த தப்புக்கு, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் 95 புள்ளி அடி வாங்கினார்கள். இதை என்னால் நியாயம் என்று ஏற்கவே முடியவில்லை. விதியை மீறினால் தண்டனை வேண்டும்தான், ஆனால் மீறியவர் தலையில் விழ வேண்டும்.

2021இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்து வெளிப்படையாகவே சம்பாதிக்கிறார்கள்.

அதே 1989 செப்டம்பரில் அந்தப் பையன்கள் கனெக்டிகட் அணியை, கடைசி நொடிப் பாஸில், 31-30 என்று ஜெயித்தார்கள்.